தியானம் முடியும் வரை

என் கணவரின் அக்காவை நான் மைனி என்று கூப்பிடுவேன். நேரில் ‘நீங்க’ என்பேன். இங்கே ‘அவள்’ என்றுதான் எழுதப்போகிறேன். அந்த அளவு மரியாதைதான் மிச்சம் இருக்கிறது. இல்லாததைக் கூட்டிக் காட்ட எனக்கு இஷ்டமில்லை.

மலையாளம் பேசுகிற விழிஞ்ஞத்தில் மைனி எங்களுக்குப் பக்கத்து வீடு. கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் அவர்களுடையது. என் கணவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். நானும் அதே கடற்கரைக்காரிதான், கல்யாணமாகி இங்கே வந்தேன். நகரத்தில் கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறேன். பிரித்ததை மடிப்பதும் வாயை அடக்குவதும்தான் அங்கே வேலை. முதலாவது எனக்கு நன்றாக வரும்.

எங்கள் மாதா கோவில் பங்கில் தெருக்களைப் பிரித்து அன்பியம் என்று வைத்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடி ஜெபிப்போம். எங்கள் தெரு அன்பியத்துக்கு மைனிதான் தலைவி. அது போதாதென்று, கருக்கலைப்பு கூடாது என்று பேசுகிற குழு ஒன்றையும் கோவிலில் நடத்துகிறாள். வகுப்பு, ஊர்வலம், அட்டை எல்லாம் உண்டு. நானும் அந்த ஊர்வலத்தில் அட்டை பிடித்து நடந்திருக்கிறேன். யாரும் என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை. பிள்ளைக்காக ஏங்கிக் கிடந்த எனக்கு, வந்த பிள்ளையை ஒருத்தி வேண்டாம் என்பது அப்போது புரியவில்லை. இப்போது அதைப் பற்றிப் பேச எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் பேசுகிறவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டேன்.

கல்யாணமாகிச் சில வருடங்கள் ஒன்றும் நடக்காமல் போனபின், ஆஸ்பத்திரியில் மருந்து செலுத்திப் படம் எடுத்துப் பார்த்தார்கள். வலது கருக்குழாயில் அடைப்பு. இடது பக்கம் திறந்திருந்தது. “ஒண்ணு மதி” என்றார் டாக்டர் அம்மா, ஒன்று இருந்தால் போதும் என்று. அன்று முதல் இடது பக்கம் எனக்கு ஒரு தனி நினைப்பாகிவிட்டது. வீட்டுக்கு ஒரே சாவிதான் இருக்கிறது என்றால் அதை எப்படி அடிக்கடி தொட்டுப் பார்ப்போமோ அப்படி.

பிறகு ஒருநாள் காலையில் குளியலறையில் இரண்டு கோடு தெரிந்தது. இவரிடம் சொன்னேன். இவர் டீயைக் குடித்து முடிக்கும் முன்பே அக்காவிடம் சொன்னார். அக்கா அந்த வார அன்பியத்தில் எல்லோரிடமும் சொன்னாள். நன்றிப் பாட்டு பாடினார்கள். பெண்தான் பிறக்கும் என்று மைனி முடிவு கட்டினாள். எங்கள் பக்கத்தில் முதல் பிள்ளைக்கு அப்பா வீட்டுப் பெரியவர்கள் பெயரைத்தான் விடுவார்கள். ஆகவே இறந்துபோன என் மாமியாரின் பெயர் என்றும் அவளே தீர்மானித்துவிட்டாள். எனக்கு அதில் வருத்தமில்லை. மாமியாரை நான் பார்த்ததில்லை, இவர் சொல்லக் கேட்டே அவர்மேல் பிரியம் உண்டு.

வயிற்றில் ஒரு பக்கமாக இழுத்துப் பிடிக்க ஆரம்பித்து, கொஞ்சம் ரத்தமும் பட்டபோது, மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூன்றாவது ஆள் மைனி. ஸ்கேனில் கர்ப்பப்பை காலியாக இருந்தது. கரு இடது குழாயில் ஒட்டியிருந்தது.

டாக்டர் அம்மா ஒளிக்காமல் சொன்னார். அங்கே அது வளராது. எடுத்துக் கர்ப்பப்பைக்குள் வைக்கவும் முடியாது. விட்டுவைத்தால் குழாய் வெடித்து என் உயிருக்கே ஆபத்து. ஆனால் இப்போது சின்னதாக இருக்கிறது, இதயத் துடிப்பும் இல்லை. ரத்தப் பரிசோதனை முடிவும் சாதகமாக இருக்கிறது. ஊசி போட்டால் கரைந்துவிடும், குழாய் தப்பிக்கவும் வாய்ப்பிருக்கிறது.

“இடது பக்கமா டாக்டர்?” என்றேன்.

அவருக்குப் புரிந்தது. “அதுகொண்டாணு பறயுன்னது. வைகிக்கண்டா” என்றார். அதனால்தான் சொல்கிறேன், தாமதிக்க வேண்டாம், இன்றைக்கே போட்டுவிடலாம்.

மைனி குறுக்கே புகுந்து மலையாளத்தில் கேட்டாள், அந்த ஊசி பிள்ளையைக் கொல்லுமா என்று. டாக்டர் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, இது கருக்கலைப்பு அல்ல, சட்டமும் அப்படிச் சொல்லவில்லை, மருத்துவமும் அப்படிச் சொல்லவில்லை, இது சிகிச்சை என்றார். மீன்காரி சொன்ன விலையைக் கேட்டுவிட்டு நகர்கிறவளைப் போல மைனி தலையை ஆட்டினாள்.

நான் “போடுங்க” என்றேன். இதை இங்கே அழுத்தி எழுதுகிறேன். நான் போடுங்க என்றுதான் சொன்னேன்.

மைனி இவரை வெளியே கூப்பிட்டாள். திரும்பி வந்த இவர், “வீட்டுக்குப் போயி யோசிச்சிட்டு வருவோம்” என்றார். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் சுவரில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலி வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் வரவேண்டும் என்று டாக்டர் இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

விஷயம் என்னவென்று ஆட்டோவில்தான் தெரிந்தது.

“கேட்டியா பிள்ளே,” என்றாள் மைனி, “ஊசி போட்டா அது நேரா பிள்ளையக் கொல்லுகது. டியூப வெட்டி எடுத்தா அது வேற. சீக்கு வந்த உறுப்ப எடுக்கோம், அதுகூட பிள்ளையும் போவுது, நம்ம நெனச்சுச் செய்யல்ல. அதுல பாவம் இல்ல. வகுப்புல படிச்சிருக்கேன்.”

“மைனி, எனக்கு இருக்கது அந்த ஒரு டியூப்தான்.”

“அதுக்குத்தான் செல்லுகேன், பாதர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு செய்வோம்.”

பங்குச் சாமியார் அந்த வாரம் மலைப்பக்கம் ஒரு தியானத்துக்குப் போயிருந்தார். தியானம் என்றால் உள்ளே நுழையும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்கள், முடிந்துதான் கொடுப்பார்கள். மைனி ஆட்டோவில் இருந்தபடியே முயன்றாள், போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வேறு சாமியாரைக் கேட்கலாம் அல்லவா? கூடாதாம். நம் பங்கின் காரியத்தை அடுத்த பங்கில் போய்ச் சொன்னால் ஊர் முழுக்கப் பரவிவிடுமாம். அன்பியத்தில் பாட்டுப் பாடி அறிவித்த விஷயம் இது.

நான் இவரிடம், “வண்டியத் திருப்பச் சொல்லுங்க” என்றேன். உரக்கத்தான் சொன்னேன். ஓட்டுநருக்குக் கேட்டது. அவர் வேகத்தைக் குறைத்து, கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். என்னை அல்ல, இவரை. ஆண்பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் திருப்பலாம் என்று காத்திருந்தார். இவர் வாயைத் திறக்கவில்லை. ஓட்டுநர் மறுபடி வேகம் எடுத்தார்.

என் கணவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். கடையில் எந்த எஞ்சினையும் யாரையும் கேட்காமல் திறந்து பார்க்கிற மனுஷன். இன்றைக்கு விட்டால் நாளைக்குக் கடலில் நின்றுவிடும் என்று படகுக்காரர்களைத் திட்டுகிற மனுஷன். அம்மா போனபின் அக்காதான் சோறு போட்டு வளர்த்தாள். அந்தச் சோற்றுக்கு என் இடது பக்கம் போயிற்று.

மறுநாள் தியானத்தின் கடைசி நாள். சாயங்காலம் பாதருக்குப் போன் கிடைத்துவிடும், ஒரு பகல் பொறுத்தால் என்ன என்றார்கள். மைனி அன்பியத்துப் பெண்களைத் திரட்டி எங்கள் வீட்டு முன்னறையில் ஜெபமாலை ஆரம்பித்தாள். பிள்ளை குழாயிலிருந்து நழுவிக் கர்ப்பப்பைக்கு வந்து சேர வேண்டும் என்று ஜெபம். வராது என்று டாக்டர் சொன்னதை எல்லோருக்கும் சொன்னேன். “விசுவாசம் வேணும் மக்கா” என்று ஒருத்தி என் கன்னத்தைத் தடவினாள். அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அதற்கும் சேர்த்து ஜெபித்தார்கள்.

எல்லோரும் கண்ணை மூடி மன்றாடிக்கொண்டிருந்தபோது பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். கண்ணை மூடியிருந்ததால் ஒருத்தியும் பார்க்கவில்லை. வயிற்றில் பிள்ளையைத் தேடியவர்கள் எதிரில் இருந்த என்னைத் தவறவிட்டார்கள். இவர் கடைக்குப் போயிருந்தார். நகரத்துக்குப் போகிற பஸ் வந்தது, ஏறினேன். ஊசியை நானே போய்ப் போட்டுக்கொள்வது, பாவம் என்றால் என் கணக்கிலேயே இருக்கட்டும் என்பதுதான் திட்டம்.

பாதி வழியில் அடிவயிற்றில் ஏதோ கிழிந்தது. தோள்பட்டையில் ஏன் வலிக்கிறது என்று யோசித்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா என்னைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு கத்தினார். நடத்துநர் ஓடிவந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார், எந்த ஆஸ்பத்திரி என்று. அதற்குப் பிறகு அந்தப் பஸ் எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை. பட்டப்பகலில் முன்விளக்கைப் போட்டு, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு, நேராக ஆஸ்பத்திரி வாசலுக்குள் போய்த்தான் நின்றது. தங்கள் நிறுத்தத்தைத் தாண்டிப் போன ஒருவரும் முணுமுணுக்கவில்லை. என் கருவைப் பற்றி அந்தப் பஸ்ஸில் யாருக்கும் எந்தக் கருத்தும் இல்லை. அதனால் நான் பிழைத்தேன்.

சம்மதக் கையெழுத்தை நானே போட்டேன். கண் விழித்தபோது டாக்டர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வயிறு முழுக்க ரத்தம் நிறைந்திருந்ததாம், குழாயைக் காப்பாற்ற முடியவில்லையாம். நேற்று என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை. இரண்டு பேரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இவர் வந்து கட்டில் ஓரத்தில் நின்று அழுதார். மைனி வந்தாள். நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, உண்மையான நிம்மதியோடு சொன்னாள்:

“பாத்தியா பிள்ளே, ஆண்டவரே ஒரு வழி காட்டித் தந்துட்டாரு. யாருக்கும் பாவம் இல்லாம முடிஞ்சுது.”

எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. எழுந்திருக்க முடிந்திருந்தால் அடித்திருப்பேன். கோபத்தில் எழுதுகிற வார்த்தை இல்லை இது. எந்தக் கையால் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அடுத்த நாள் பங்குச் சாமியார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தியானத்திலிருந்து இறங்கி நேராக வந்திருந்தார், கையில் திராட்சைப் பை. வயசான மனுஷன். மைனி எல்லாவற்றையும் சொல்லி, ஊசியா வெட்டா என்று உங்களிடம் கேட்பதற்காகத்தான் காத்திருந்தோம் என்று முடித்தாள். அவர் முகம் மாறிப்போனது.

“இதுக்கு என்னத்துக்கு என்ன எதிர்பாத்து நின்னிய? அதப் பத்திப் படிச்சவுங்க ஆயிரம் பேசுவாங்க. உயிர் போற நேரத்துல டாக்டர் சொன்னதச் செய்ய வேண்டியதுதானே? காத்திருக்கச் சொல்லி நான் எப்பமாவது சொல்லியிருக்கனா?”

மைனிக்கு அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் பாட்டிலை நிரப்ப வேண்டும் என்று ஞாபகம் வந்தது. எழுந்து போய்விட்டாள். சாமியார் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்க வேண்டியவர் அவரில்லை. அந்த அறையில் மன்னிப்புக் கேட்டது அவர் மட்டும்தான்.

கொஞ்ச நாளில் அவருக்கு வேறு பங்குக்கு மாற்றல் வந்துவிட்டது. அவர் சொன்ன வார்த்தையும் அவரோடு போய்விட்டது. ஊரில் மைனியின் வார்த்தை மட்டும் தங்கி, மாவு புளிப்பதைப் போலப் பொங்கிக்கொண்டே வந்தது. முதலில், ஆண்டவர் காத்தார். அப்புறம், ஊசி போடலாமா என்று குடும்பமே தயங்கியது. அதற்கும் அப்புறம், ஊசியே வேண்டாம் என்று நான் மறுத்தேன். இறந்தவர்களை நினைக்கிற ஆத்துமாக்கள் திருநாளில் என் மாமியார் பெயரைச் சொல்லிப் பூசை நடந்தபோது, மாமியாருக்குத்தான் என்று நினைத்து முழங்காலிட்டேன். பக்கத்தில் இருந்தவள் சொல்லித்தான் தெரிந்தது, பிறக்காமல் போன என் பிள்ளைக்கு அந்தப் பெயரை விட்டு மைனி கொடுத்த பூசை அது என்று. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனி எனக்கு ஒரு பெண் பிறந்தால் வைக்க வேண்டிய பெயரை அவள் செலவழித்துவிட்டாள்.

இனி பிறப்பதற்கும் வழி ஒன்றுதான். கருவை வெளியே உருவாக்கிக் கர்ப்பப்பையில் வைக்கிற சிகிச்சை. அதற்குப் போகலாமா என்று நாங்கள் பேச ஆரம்பித்ததும் மைனி வந்து உட்கார்ந்தாள். திருச்சபை சம்மதிக்காது என்றாள். “இருந்த டியூபையும் போக்கியாச்சு, டெஸ்ட் டியூபும் ஆவாதா மைனி?” என்றேன். என் நாக்கு நீளமாகிவிட்டது என்று இவரிடம் போய்ச் சொன்னாள்.

எதிர்ப்பக்கத்தில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? பெண்கள் உரிமைக் கூட்டம் நடத்துகிற ஒரு அம்மா எங்கள் கடைக்குப் புடவை எடுக்க வருவார். எப்படியோ கேள்விப்பட்டு, மேடையில் வந்து பேச வேண்டும் என்றார். உங்கள் அனுபவம் எங்கள் வாதத்துக்கு நல்ல பலம் என்றார். அனுபவமாம், பலமாம். நான் ரத்தம் சிந்தினால் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து பிடிக்கிறார்கள். புடவையை மடித்து வைத்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரைப் பார்த்தேன்.

இப்படி இருக்கும்போது கோவிலில், கருவில் இருக்கிற உயிருக்காகக் கொண்டாடுகிற உயிரின் ஞாயிறு வந்தது. பூசை முடிந்ததும் மைனி ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்றாள். என்னை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பிள்ளையில்லாதவர்களுக்காக ஜெபம் உண்டு என்று சொல்லித்தான் இவர் என்னைக் கூட்டிவந்திருந்தார். மைனி பேசினாள். ஊசி போடலாம் என்று டாக்டர் வற்புறுத்தினார், என் தம்பி பெண்டாட்டி முடியாது என்று மறுத்தாள், பிள்ளையைக் கொல்வதைவிட என் உறுப்பே போகட்டும் என்றாள், இவளல்லவா தாய் என்று முடித்தாள். அந்தப் பெயரையும் சொன்னாள். கோவில் முழுக்கக் கைதட்டியது. புதுச் சாமியார் சிரித்த முகமாக எனக்குப் பொன்னாடை போட்டார்.

நான் எழுந்து ஒலிபெருக்கிக்குப் போனேன். சாட்சி சொல்லப் போகிறேன் என்று நினைத்து மைனி இடம் விட்டாள். மலையாளத்தில்தான் ஆரம்பித்தேன். கோபத்தில் அது பாதியில் நழுவித் தமிழ் வந்துவிட்டது. பரவாயில்லை, அங்கே எல்லோருக்கும் புரியும்.

“நான் ஊசி வேண்டாம்னு சொல்லல்ல. போடுங்கன்னு சொன்னேன். அந்தக் கரு பிழைக்க ஒரு வழியும் கெடையாது. எனக்கு இருந்துச்சு. இனி ஒரு பிள்ளை வர்றதுக்கும் வழி இருந்துச்சு. தியானம் முடியட்டும்னு சொல்லி என்னக் காக்க வச்சாங்க. அதுல அந்த வழி போச்சு. நான் எதையும் குடுக்கல்ல. எங்கிட்டேருந்து எடுத்துட்டாங்க. அந்தப் பேர இனிமே எங்க பிள்ளைக்குன்னு யாரும் சொல்லக் கூடாது.”

மைனி பாடகர் குழுவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். கீபோர்டு ஆரம்பித்தது. நன்றிப் பாட்டு, அன்பியத்தில் பாடிய அதே பாட்டு. கடைசி வாக்கியம் எத்தனை பேருக்குக் கேட்டதோ தெரியாது. முன்வரிசையில் இருந்த சில பெண்கள் பாடவில்லை, அதைப் பார்த்தேன். பொன்னாடையை எடுத்து, கடைப் பழக்கம், ஓரம் சேர்த்து நாலாக மடித்து மைனியின் நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

இவர் பின்னாலேயே வந்தார். ஸ்கூட்டர் வேப்பமரத்தடியில் நின்றது. சாவியைப் போட்டார், ஆனால் கிளப்பவில்லை.

“நீ சொன்னது எல்லாம் சரிதான்” என்றார். “ஆனா மைக்ல சொல்லியிருக்க வேண்டாம்.”

“ஆட்டோல நீங்க சொல்லியிருந்தா எனக்கு மைக் வேண்டி வந்திருக்காது.”

உள்ளே பாட்டு முடிந்துவிட்டது. யாரோ அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்தார்கள். இவர் வண்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார்.

“அன்னைக்கு நான் என்ன சொல்லியிருக்கணும்?”

“‘வண்டியத் திருப்பு’ன்னு சொல்லியிருக்கணும்” என்றேன். “ஆட்டோக்காரரு வேகத்தக் கொறச்சிட்டு ஒங்க மொகத்தத்தானே பாத்தாரு.”